சங்கடம் தீர்க்கும் சதுர்த்தி: எந்த நாள், எந்த நேரம்?

மாதத்தில் ஒரு நாள் மாலை மட்டும் பிள்ளையார் ஆலயங்களின் முன்னால் காரை நிறுத்த இடம் கிடைப்பதில்லை. அன்று வெள்ளிக்கிழமையாக இருக்க வேண்டும் என்பதில்லை, திருவிழாவும் இல்லை. வேலை முடிந்த கையோடு அலுவலக உடையிலேயே வரிசையில் நிற்பவர்கள், பள்ளிச் சீருடையோடு தாயின் கையைப் பிடித்து நிற்கும் பிள்ளைகள், அறுகம்புல் மாலையும் அபிஷேகத்துக்குப் பாலுமாக வரும் மூதாட்டிகள் என்று மண்டபம் நிறைந்துவிடும். தீபாராதனை முடிந்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு எட்டரை மணிக்குள் கூட்டம் கலைந்துவிடும். அதுதான் சங்கடஹர சதுர்த்தி.

கூட்டம் கலைந்து ஒரு மணி நேரமோ, ஒன்றரை மணி நேரமோ கழித்துத்தான் இந்த நோன்பின் முக்கியமான கட்டம் வருகிறது. அது நிலவு உதிக்கும் நேரம். நிலவைக் கண்டு வணங்கிய பிறகே நோன்பை முடிக்க வேண்டும் என்பது இந்த விரதத்தின் விதி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல ஆண்டுகளாக விடாமல் இந்த நோன்பை நோற்று வருபவர்களிலும் இதை அறியாதவர்கள் பலர். அறியாததால் நோன்பு வீணாகிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், எந்த நாளில் நோன்பு இருப்பது என்ற கேள்விக்கு விடை இந்த விதியில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ள உறவினர் தொலைபேசியில் அழைத்து, “நேற்றே சதுர்த்தி முடிந்துவிட்டதே, நீங்கள் இன்று விரதம் இருக்கிறீர்களா?” என்று கேட்டுக் குழப்பி விடுவது எப்போதாவது நடக்கும். அப்போது யார் சொல்வது சரி?

பெயரும் பிறையும்

சங்கடம் என்பது துன்பம், இடையூறு, நெருக்கடி. ‘ஹர’ என்றால் நீக்குவது. சதுர்த்தி என்பது நான்காம் திதி. முழுநிலவு கழிந்து, தேய்பிறையில் வரும் நான்காம் திதியே சங்கடஹர சதுர்த்தி. வடநாட்டில், குறிப்பாக மகாராஷ்டிரத்தில், இதையே சங்கஷ்டி சதுர்த்தி என்கிறார்கள். அமாவாசை கழிந்து வளர்பிறையில் வரும் நான்காம் திதியும் பிள்ளையாருக்கு உரியதே. ஆவணி மாதத்தில் வரும் அந்த வளர்பிறைச் சதுர்த்தியைத்தான் உலகெங்கும் விநாயகர் சதுர்த்தியாகக் கொண்டாடுகிறார்கள்.

ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவு வரை ஏறத்தாழ 29½ நாள். ஆகவே ஆண்டுக்கு 12 சங்கடஹர சதுர்த்திகள் வரும், சில ஆண்டுகளில் 13. மராத்தியர் வழக்கில் இந்த நோன்புக்கு 13 கதைகள் உண்டு. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை போல வரும் மிகுமாதத்துக்கு ஒன்று. நோன்பு நோற்பவர்கள் அன்றைய மாதத்துக்கு உரிய கதையை மாலையில் படித்துவிட்டு நிலவுக்குக் காத்திருப்பார்கள். தமிழர் வழக்கில் கதைக்குப் பதிலாகப் பாராயணம் வந்து சேர்ந்தது. ஔவையாரின் விநாயகர் அகவலையும், கச்சியப்ப முனிவர் தமிழில் தந்த காரியசித்தி மாலையையும் இந்த நாளில் ஓதுகிறார்கள். காரியசித்தி மாலை எட்டே பாடல்கள்தான். பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கு இதைவிட எளிய நூல் கிடைக்காது.

இந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்குத் தனிச் சிறப்பு. விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் வரும் தேய்பிறைச் சதுர்த்தியை மகா சங்கடஹர சதுர்த்தி என்பார்கள். மாதந்தோறும் நோன்பு இருக்க முடியாதவர்கள் இந்த ஒரு நாளை மட்டுமாவது கடைப்பிடிப்பது வழக்கம்.

நிலவுக்கு இங்கு என்ன வேலை?

பிள்ளையார் நோன்பில் நிலவு எப்படி வந்தது? புராணம் சொல்லும் கதை பலரும் கேட்டதுதான். வயிறு நிறையக் கொழுக்கட்டை உண்டு மூஞ்சூறின்மேல் வந்த பிள்ளையார் தடுமாறி விழுந்தார். அதைப் பார்த்து, தன் அழகில் செருக்குற்றிருந்த சந்திரன் சிரித்தான். உன்னைப் பார்ப்பவர்களுக்கு வீண்பழி வரட்டும் என்று பிள்ளையார் சபித்தார். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத நிலையில் சந்திரன் ஒளி குன்றி, செருக்கு அழிந்து, தவமிருந்து வேண்டினான். சாபம் முழுவதும் நீங்கவில்லை, ஆனால் சுருங்கியது. ஆவணி வளர்பிறைச் சதுர்த்தி அன்று மட்டும் அவனைப் பார்க்கக் கூடாது. தேய்பிறைச் சதுர்த்தியிலோ தன்னை வணங்குவோர் அவனையும் கண்டு வணங்கிய பிறகே உணவு கொள்ள வேண்டும் என்று பிள்ளையார் அருளினார்.

‘நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு’ என்று பாட்டிமார் எச்சரிப்பது வளர்பிறையின் நான்காம் நாளைப் பற்றியது. கண்ணனே அந்தப் பிறையைப் பார்த்துவிட்டு, சியமந்தக மணியைத் திருடினான் என்ற பழிக்கு ஆளானான் என்பது புராணம். மணியை அணிந்து வேட்டைக்குப் போனவனைச் சிங்கம் கொன்றது, சிங்கத்தைக் கொன்று ஜாம்பவான் மணியை எடுத்துப் போனான், பழியோ கண்ணன்மேல் விழுந்தது. ஆக, ஒரே சந்திரன், ஒரே பிள்ளையார். ஒரு சதுர்த்தியில் நிலவைப் பார்க்கவே கூடாது, இன்னொரு சதுர்த்தியில் பார்க்காமல் உண்ணவே கூடாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, சங்கடஹர சதுர்த்தி இரவில் சன்னல் திரையை இழுத்து மூடுகிற வீடுகளும் இருக்கின்றன. அது தேவையற்ற அச்சம்.

மின்விளக்கு இல்லாத காலத்தை நினைத்துப் பார்த்தால் இந்த நோன்பின் அமைப்பு இன்னும் நன்றாக விளங்கும். முழுநிலவு அன்று சூரியன் மறையும் நேரத்திலேயே நிலவு எழுந்துவிடும். அடுத்தடுத்த நாள்களில் அது ஏறத்தாழ ஐம்பது ஐம்பது நிமிடம் தாமதித்து வரும். நான்காம் நாளில் பொழுது சாய்ந்து இரண்டரை முதல் மூன்று மணி நேரம்வரை வானம் இருட்டாகவே கிடக்கும். பகல் முழுவதும் பசியோடு இருந்தவர்கள் அந்த இருட்டிலும் காத்திருந்து, கிழக்கில் சற்றுத் தேய்ந்த நிலவு எழுவதைக் கண்டு கைகூப்பினார்கள். பிரதோஷ நோன்பு மாலைப் பூசையோடு முடிகிறது, ஏகாதசி மறுநாள் காலையில் முடிகிறது. சங்கடஹர சதுர்த்தியோ இரவில், நிலவின் வரவோடு முடிகிறது.

அறியாமல் இருந்த நோன்பு

இந்த நோன்பின் பெருமையைச் சொல்லும் கதைகளில் சூரசேனன் கதை கேட்கத் தகுந்தது. இந்திரன் ஒரு முனிவரைக் கண்டு திரும்பும் வழியில் அவனுடைய விமானம் சூரசேன மன்னனின் நகருக்கு அருகே தரையிறங்கி, மேலே எழும்ப மறுத்தது. பாவம் செய்த ஒருவனின் பார்வை பட்டதே காரணம். சங்கடஹர சதுர்த்தி நோன்பை நோற்றவர் யாராவது அந்தப் புண்ணியத்தைத் தந்தால் விமானம் எழும் என்றான் இந்திரன். ஊர் முழுவதும் தேடியும் ஒருவரும் அகப்படவில்லை. அந்த நேரத்தில், நோயுற்று இறந்துபோன ஒரு பெண்ணின் உடலைக் கணநாதரின் தூதர்கள் எடுத்துச் சென்றார்கள். ஊரார் ஒதுக்கி வைத்த பெண் அவள். இவளுக்கா இந்தப் பேறு என்று அரசனின் ஆட்கள் வியந்து கேட்டார்கள். நேற்று முழுவதும் இவள் உண்ணாமல் உறங்கிக் கிடந்தாள், நிலவு எழுந்த பிறகே கிடைத்ததை உண்டாள், நேற்றுச் சதுர்த்தி என்றார்கள் தூதர்கள். அவளுடைய உடலைத் தொட்டு வந்த காற்று பட்டதும் விமானம் எழும்பியது.

அந்தப் பெண்ணுக்குச் சதுர்த்தி என்பதே தெரியாது. உபயம் கட்டவில்லை, ஹோமம் செய்யவில்லை, மோதகம் படைக்கவில்லை. ஆலய அறிவிப்புப் பலகையில் கட்டண விவரத்தைப் பார்த்துத் தயங்கி நிற்கும் ஏழைக் குடும்பத்துக்கு யாராவது இந்தக் கதையை எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு பிடி அறுகம்புல்லோடு முடித்துக்கொள்ளக் கூடிய வழிபாடு இது. எருக்கம்பூ மாலையும் இருபத்தொரு கொழுக்கட்டையும் சிறப்புத்தான், கட்டாயம் இல்லை.

செவ்வாய்க்கிழமையில் வரும் சதுர்த்திக்கு அங்காரக சதுர்த்தி என்று பெயர். அங்காரகன் என்பது செவ்வாய்க் கோள். பூமியின் மகனாகிய அவன் பரத்வாஜ முனிவரால் வளர்க்கப்பட்டு, பிள்ளையாரை நோக்கித் தவமிருந்து, தேய்பிறைச் சதுர்த்தியும் செவ்வாய்க்கிழமையும் கூடிய நாளில் காட்சி பெற்றான். கோள்களில் ஒன்றாகும் வரத்தையும் பெற்றான் என்பது புராணம். சராசரியாக ஏழு சதுர்த்திகளில் ஒன்று செவ்வாயில் விழும். மும்பை பிரபாதேவியில் 1801-ஆம் ஆண்டு எழுந்த சித்திவிநாயகர் கோயிலில் அன்றைக்கு முந்திய நள்ளிரவிலிருந்தே வரிசை நீளும். செவ்வாய் தோஷம் என்று சொல்லித் திருமணம் தள்ளிப்போகும் வீடுகளில் இந்த நாளுக்குத் தனி எதிர்பார்ப்பு இருப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

நாள்காட்டிக் குழப்பம்

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம்.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோண விலகலைக் கொண்டு கணக்கிடப்படுவது. பன்னிரண்டு பாகைக்கு ஒரு திதி. சந்திரனின் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால் ஒரு திதி 19 மணி நேரத்தில் முடிவதும் உண்டு, 26 மணி நேரம் நீடிப்பதும் உண்டு. ஆகவே திதி நள்ளிரவில்தான் மாறும், காலையில்தான் மாறும் என்று சொல்ல முடியாது. நண்பகலில் தொடங்கி மறுநாள் பிற்பகலில் முடியலாம்.

சங்கடஹர சதுர்த்திக்கு விதி இதுதான்: எந்த நாள் இரவில் நிலவு உதிக்கும்போது சதுர்த்தித் திதி இருக்கிறதோ, அந்த நாளே நோன்பு நாள். இரண்டு நாளும் நிலவு உதிக்கையில் சதுர்த்தி இருந்தால் முதல் நாள். இரண்டு நாளும் இல்லாமல் போனால் இரண்டாம் நாள். சாத்திர நூல்கள் இதை இவ்வளவு தெளிவாகவே சொல்லி வைத்திருக்கின்றன.

நாள்காட்டியைப் பார்ப்பவர்கள் தவறுவது இங்கேதான். பெரும்பாலான தினசரி நாள்காட்டிகளில் அச்சிட்டிருப்பது சூரிய உதய நேரத்துத் திதி. செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் திரிதியை என்று இருக்கும். ஆனால், பகலிலேயே திரிதியை முடிந்து இரவு நிலவு வரும்போது சதுர்த்தியாகிவிடும். நோன்பு செவ்வாய்க்கிழமைதான். கட்டத்தில் ‘சதுர்த்தி’ என்ற சொல்லைத் தேடுகிறவர்கள் புதன்கிழமை நோன்பு இருந்து, அன்று இரவு பஞ்சமி நிலவைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடல் கடந்து வாழ்பவர்களுக்கு இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. திதி தொடங்கும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. நிலவு உதிக்கும் நேரம் அப்படியல்ல, ஊருக்கு ஊர் வேறு. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தின. அன்றிலிருந்து இந்திய நேரத்துக்கும் இங்குள்ள நேரத்துக்கும் வேறுபாடு இரண்டரை மணி. தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தில் ‘சதுர்த்தி இரவு 8.15 முதல்’ என்று இருந்தால், இங்கு அது இரவு 10.45. அந்தக் கூட்டலைச் செய்யாமல் அச்சிட்டதை அச்சிட்டபடி எடுத்துக்கொள்வது முதல் தவறு.

அதே எடுத்துக்காட்டையே தொடர்ந்து பார்க்கலாம். அன்று சென்னையில் நிலவு 8.40 மணிக்கு உதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 25 நிமிடம் முன்பே சதுர்த்தி வந்துவிட்டது. ஆகவே தமிழ்நாட்டில் அன்றுதான் நோன்பு. கோலாலம்பூரிலோ அன்று நிலவு 9.40 அளவில் எழுந்துவிடும். அப்போது சதுர்த்தி பிறக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இங்கு எழுந்தது திரிதியை நிலவு. மறுநாள் சதுர்த்தி இரவு 11 மணி வரை இருந்து, நிலவு பத்தரை மணிக்கு எழுந்தால், கோலாலம்பூருக்கு மறுநாள்தான் நோன்பு. அங்கே திங்கள், இங்கே செவ்வாய் என்று வந்தால், தமிழ்நாட்டில் இல்லாத அங்காரக சதுர்த்தி மலேசியாவில் இருக்கும்! அந்த உறவினர் சொன்னதும் சரி, இங்குள்ளவர் நோற்பதும் சரி.

அடிக்கடி இப்படி நேராது. பெரும்பாலான மாதங்களில் இரண்டு இடத்துக்கும் ஒரே நாள்தான். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை நாள் மாறும். மாறும்போது ஊரைப் பார்த்து முடிவு செய்யாமல் தாயகத்தைப் பார்த்து முடிவு செய்வது பொருத்தமில்லை. ரமலான் மாதத்தில் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் நோன்பு துறக்கும் நேரத்தைப் பார்த்தாலே இது விளங்கும். பினாங்கில் ஒரு நேரம், ஜொகூர் பாருவில் ஒரு நேரம். அவரவர் ஊரில் சூரியன் மறைவதுதான் கணக்கு. யாரும் மக்கா நகரத்து மாலை நேரத்தைப் பார்த்துப் பேரீச்சம்பழத்தை எடுப்பதில்லை. நிலவைப் பார்த்து முடிக்கும் நோன்புக்கு அவரவர் வானத்து நிலவுதான் கணக்கு.

வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு முறைகள் இருப்பதும், இரண்டிலும் திதி முடியும் நேரம் சில மணி வேறுபடுவதும் தனிக்கதை. அந்த வழக்கை வீட்டுக்குள் தீர்த்துவிட முடியாது. வட்டாரத்து ஆலயம் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றி நாளை அறிவிக்கிறதோ அதோடு போவதே நல்லது. ஆனால், அந்த நாளை இந்த நாட்டு நிலவு நேரத்துக்குக் கணித்துத்தான் குறித்தார்களா என்று ஆலய நிர்வாகத்தைக் கேட்பதில் தவறில்லை. கேட்டால்தான் அடுத்த ஆண்டு நாள்காட்டியில் கவனம் வரும்.

எப்படி நோற்பது?

அதிகாலையில் நீராடி, விளக்கேற்றி, இன்ன குறை தீர இந்த நோன்பை ஏற்கிறேன் என்று மனத்தில் உறுதி கொண்டு தொடங்குவார்கள். பகலில் முடிந்தவர்கள் நீர் மட்டும் அருந்துவார்கள், மற்றவர்கள் பாலும் பழமும் கொள்வார்கள். மாலையில் மீண்டும் குளித்து, பிள்ளையாருக்கு அறுகம்புல் சாத்தி, தோப்புக்கரணம் போட்டு, ஆலயத்தில் அபிஷேகமும் தீபாராதனையும் கண்டு வருவார்கள். நிலவு எழுந்ததும் அதை நோக்கி நீர் விட்டு வணங்கி, பிறகு கொழுக்கட்டையோடு உணவு. மராத்தியர் பகலில் சவ்வரிசிக் கிச்சடி உண்பார்கள், இரவில் நிலவைக் கண்ட பிறகு மோதகத்தோடு முழுச் சாப்பாடு.

உபவாசம் என்ற சொல்லுக்கு ‘அருகில் இருத்தல்’ என்பதே பொருள். இறைவனுக்கு அருகில் இருப்பதற்காக உணவைப் பற்றிய நினைவைக் குறைத்துக்கொள்வது அது. பசியால் மயங்கி விழுந்து, வீட்டார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், யாருக்கு அருகில் இருந்ததாகச் சொல்வது? இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. நீரிழிவு நோய்க்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் மருந்தை மட்டும் எடுத்துவிட்டு உண்ணாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருந்தையும் நிறுத்திவிட்டால் அது வேறு ஆபத்து. காலையிலிருந்து இரவு பத்து மணி வரை பதினாறு மணி நேரப் பட்டினி என்பது அவர்களுக்கு விளையாட்டல்ல. மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

இதற்குச் சாத்திரமும் இடம் கொடுத்திருக்கிறது. நோன்பைக் கெடுக்காத எட்டுப் பொருள்களை மகாபாரதம் பட்டியலிடுகிறது. நீர், கிழங்கு, கனி, பால் முதலியவற்றோடு குருவின் சொல்லும் மருந்தும் அந்தப் பட்டியலில் உண்டு. மருந்துக்காக இரண்டு வாய் உண்ண நேர்ந்தவர் நோன்பை முறித்தவர் ஆகமாட்டார். “ஒரு வாய் சாப்பிட்டுவிட்டேன், இனி என்ன இருக்கிறது” என்று மனம் உடைந்துபோகும் மூத்தவர்களிடம் பிள்ளைகள் இதைச் சொல்லிப் புரிய வைக்கலாம். கருவுற்ற பெண்கள், சிறுவர்கள், இரவு வேலையில் இயந்திரத்தின் முன் நிற்பவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

ஆலயப் பூசை முடிந்ததும் பிரசாதத்தோடு நோன்பை முடித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் பத்தரை மணி வரை காத்திருக்க முடியாது என்பது நியாயமே. பிரசாதத்தைச் சிறிது எடுத்துக்கொண்டு, நிலவு வந்த பிறகு ஒருமுறை வெளியே வந்து பார்த்துக் கும்பிட்டால் அதுவும் முறையே. முடிந்தவர்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தையும் பொறுத்துக்கொண்டால் நோன்பு முழுமையாகும்.

தடையும் அவரே

விக்னேசுவரன் என்ற பெயருக்குத் தடைகளை நீக்குபவர் என்று மட்டும் பொருள் கொள்வது பாதிக் கதை. அவர் தடைகளுக்குத் தலைவர். வேண்டும்போது தடையை வைப்பவரும் அவரே. செங்கல்பட்டு மாவட்டத்தில் அச்சிறுபாக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரை நினைக்காமல் தேர் ஏறியதால், தேரின் அச்சு முறிந்த இடம் அது என்பது தலவரலாறு. அச்சு இற்ற ஊர் என்பதே அந்தப் பெயர். பெற்ற தந்தைக்கே விதிவிலக்கு இல்லை.

தேர்வு நெருங்கும் மாதங்களில் சதுர்த்தி அன்று பேனாவைப் பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுத்துச் செல்லும் மாணவர்களைக் காணலாம். வழக்கு நடத்துபவர், கடன் கேட்டு வங்கியில் மனு போட்டவர், வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கடம். வேண்டிக்கொள்வதில் குறை இல்லை. ஆனால், பதினொரு மாதம் நோற்றும் காரியம் கைகூடவில்லை, பிள்ளையார் கைவிட்டுவிட்டார் என்று நோன்பை நிறுத்துகிறவர்கள் அச்சிறுபாக்கத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அச்சு முறிந்தது தேர் போகக் கூடாது என்பதற்காக அல்ல. முறைப்படி தொடங்கிய பின் அதே தேர் போனது, திரிபுரமும் எரிந்தது. படிக்காத பாடத்துக்குப் பேனா மட்டும் விடை எழுதாது என்பதையும் அந்த வரிசையிலேயே நிற்கும் பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

ஒரு மாதம் தவறிவிட்டால் தோஷம் வந்துவிடுமா என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. மாதவிலக்கு, பிரசவம், வீட்டில் இறப்பு, வெளியூர்ப் பயணம் என்று ஓராண்டுக்குள் ஏதாவது ஒன்று குறுக்கிடாத குடும்பம் இல்லை. விட்ட மாதத்தைக் கணக்கில் கொள்ளாமல் அடுத்த மாதத்திலிருந்து தொடர்ந்து, எண்ணிக்கையை நிறைவு செய்து கொள்வதே வழக்கம். இதற்குப் பரிகாரம் என்று பெரிய தொகையை யாராவது கேட்டால், சூரசேனன் நகரத்துப் பெண்ணை நினைத்துக்கொண்டு நடையைக் கட்டலாம்.

மேகமும் மாடிவீடும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரும்பாலான மாதங்களில் சதுர்த்தி நிலவு இரவு ஒன்பதரை மணிக்கும் பத்தரை மணிக்கும் இடையே உதிக்கும். அன்றைய நேரத்தை நாளிதழ், வானிலை இணையத்தளம், கைத்தொலைபேசி எதிலும் பார்த்துக்கொள்ளலாம். ஊரின் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கவனித்தால் போதும். சிலருடைய கைத்தொலைபேசிப் பஞ்சாங்கத்தில் இன்னமும் சென்னைதான் இருக்கும்.

உதய நேரம் என்பது அடிவானத்தில் நிலவு தலைகாட்டும் நேரம். அடுக்குமாடி வீடுகளில் எதிர் புளோக் மறைத்துக்கொண்டு நிற்கும். அதன் தலைக்கு மேலே நிலவு ஏறி வர இன்னும் அரைமணி நேரம்கூட ஆகலாம். வீடு மேற்குப் பார்த்து இருந்தால் நடைவழிக்கோ கீழே கார் நிறுத்துமிடத்துக்கோ போய்த்தான் பார்க்க வேண்டும். அதற்காக முதியவர்கள் பசியோடு மாடி ஏறி இறங்க வேண்டியதில்லை. பிள்ளைகளில் ஒருவர் போய்ப் பார்த்து வந்து சொன்னால், கிழக்கு நோக்கிக் கும்பிட்டுக்கொள்ளலாம்.

ஆண்டிறுதி மழைக்காலத்தில் மூன்று மாதம் தொடர்ந்தாற்போல் நிலவு கண்ணில் படாமலே போவதும் உண்டு. உதய நேரம் கடந்ததும், அது இருக்கும் திசையை நோக்கி நீர் விட்டு வணங்கி நோன்பை முடிக்கலாம். மேகத்துக்குப் பின்னால் அது எழுந்துதான் இருக்கும். அதற்குள் கொழுக்கட்டை ஆறிப்போயிருந்தால், இட்லிச் சட்டியில் மீண்டும் ஒருமுறை ஆவி காட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.